துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போர் முடிந்த நாடுகளில் இளைஞர்கள் தொழில் தொடங்குவதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். "தொழில் பெருகினால் சண்டை தானாகக் குறையும் என்கிறார்கள், அதை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை" என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். பெரும்பாலானவை கேரள எல்லையிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் வந்தவை. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த எல்லையோர ஊர்களில் நிறைய இருக்கின்றன. நானும் நீலகிரியில் பந்தலூர் பக்கம் கொளப்பள்ளியில் வளர்ந்தவள்தான். அப்பாவும் அம்மாவும் இலங்கையில் பதுளைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். கடன் யாரைத் தூக்கிவிடும், யாரைக் கீழே தள்ளும் என்பதைத்தான் என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

அக்கா, கிளிநொச்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு தொழில் பயிற்சிக்குப் போய் வந்தான். "நீங்கள் தொழில் செய்தால்தான் நாட்டில் சமாதானம் நிலைக்கும்" என்று சொல்லி அனுப்பினார்களாம். இப்போது சான்றிதழ் இருக்கிறது, தொழில் இல்லை. இளைஞர்கள் தொழில் செய்தால் உண்மையிலேயே சமாதானம் வந்துவிடுமா?
— வாசகர், சேரம்பாடி

தம்பி, இதை ஒரு நாட்டில் ஒழுங்காக அளந்தே பார்த்திருக்கிறார்கள். உகாண்டாவின் வடக்குப் பகுதி இருபது ஆண்டு சண்டையில் சின்னாபின்னமான பூமி. சண்டை ஓய்ந்த பிறகு அங்குள்ள இளைஞர்களைக் குழுவாகச் சேரச் சொல்லி, என்ன தொழில் செய்யப் போகிறீர்கள், என்ன வாங்கப் போகிறீர்கள் என்று எழுதித் தரச் சொன்னது அரசு. தகுதி பெற்ற குழுக்களில் குலுக்கல் முறையில் சிலருக்குப் பணம் கொடுத்தார்கள். ஆளுக்கு 382 டாலர். திருப்பிக் கட்ட வேண்டாம், தலைக்கு மேல் மேற்பார்வையும் இல்லை. பையன்களும் பெண்களும் கொஞ்சத்தைப் பயிற்சிக்குச் செலவழித்துவிட்டு, பெரும்பகுதியைக் கருவியும் சாமானும் வாங்கப் போட்டார்கள். தையல் மெஷின், தச்சுக் கருவி, வெல்டிங் சாமான், முடி அலங்காரப் பொருள்கள் என்று.

நான்கு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், பணம் கிடைக்காதவர்களைவிட இவர்களின் வருமானம் 38 சதவீதம் கூடுதல். தொழில் சொத்து 57 சதவீதம் கூடுதல். பெண்களுக்கு இதில் கிடைத்த நன்மை இன்னும் பெரிது. பணம் கிடைக்காத பெண்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். ஆனால் ஊரோடு ஒட்டி வாழ்வது, அடிதடி, போராட்டம் இவற்றையும் சேர்த்தே அளந்தார்கள். அதிலெல்லாம் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஒன்பது ஆண்டு ஆனபோது பணம் கிடைக்காதவர்களும் எப்படியோ பாடுபட்டு வருமானத்தில் இவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் பணம் வீண்தானே" என்று யாரும் சொல்ல வேண்டாம். 38 சதவீதம் கூடுதல் என்றால் வீட்டில் உலை கொதிக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அது போதாதா? இளைஞனுக்குத் தொழில் கொடுப்பதற்கு அதுவே போதுமான காரணம். சமாதானத்தையும் சேர்த்து அவன் தலையில் ஏற்றுவதில்தான் எனக்குக் கோபம். நாளைக்கு ஊரில் ஏதாவது வெடித்தால், "இந்தப் பையன்கள் உழைத்துப் பிழைக்கத் தெரியாதவர்கள்" என்று பழி அவர்கள் மேல் விழும். ஊராரின் காணியை (நிலத்தை) விடாமல் வைத்திருப்பவனையும், காணாமல் போனவர்களுக்குக் கணக்குச் சொல்லாதவனையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். லைபீரியாவில் 1989-இல் தொடங்கிய போர் 2003 வரை இழுத்தது. போர் முடிந்த பிறகு தலைநகர் மன்ரோவியாவில் திருட்டு, போதை, அடிதடி என்று திரிந்த 999 இளைஞர்களை வைத்து ஒரு முயற்சி செய்தார்கள். சிலருக்கு 200 டாலர் பணம் மட்டும். சிலருக்கு எட்டு வாரம் குழுவாக உட்கார்ந்து கோபத்தை அடக்கவும், நாளையைப் பற்றி யோசிக்கவும், கடைக்காரர் முன்னால் மரியாதையாகப் போய் நிற்கவும் பழக்கும் பயிற்சி மட்டும். சிலருக்கு இரண்டும். பணம் மட்டும் வாங்கியவர்களிடம் மாற்றம் நிலைக்கவில்லை. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் கொஞ்ச நாளில் தேய்ந்தது. இரண்டும் கிடைத்தவர்களிடம் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் குற்றச் செயல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. கையில் காசு, மனதில் நிதானம், தன்னை மனிதனாக மதிக்கும் நாலு பேர். இவை சேர்ந்து வந்தால்தான் பலன்.

நம் வீட்டுக் கதையையும் மறக்கக் கூடாது. 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்து. ராமானுஜம் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கி, ஊர் ஊராகப் பிரித்து அனுப்பப்பட்டவர்கள் நம் பெற்றோர். அதில் ஏராளமானவர்களுக்குக் கொடுத்தது வியாபாரக் கடன், ஐயாயிரம் ரூபாய் அளவில். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைக்கு, அறியாத ஊரில், அறியாத சந்தையில் மளிகைக் கடை வை என்றால் எப்படி வைக்கும்? பாதிப் பணம் இடைத்தரகர் கைக்குப் போனது. எங்கள் அப்பாவுக்கு மாடு வாங்கித் தருகிறேன் என்று வந்தவர் முகத்தை அப்புறம் நாங்கள் பார்க்கவே இல்லை. கடைசியில் ஏராளமானவர்கள் மலையேறி வந்து மறுபடியும் கொழுந்துக்கூடையைத்தான் தூக்கினார்கள். தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் தப்பித்தார்கள். ஏனென்றால் 1968-இல் தொடங்கிய அந்தத் தோட்டங்கள் அவர்களுக்குத் தெரிந்த வேலையையும், குடியிருக்க ஒரு லைன் வீட்டையும் சேர்த்துக் கொடுத்தன.

உங்கள் சித்தப்பா மகனிடம் நான் கேட்க நினைப்பது இதுதான். அந்தச் சான்றிதழில் எழுதியிருக்கும் தொழிலுக்குக் கிளிநொச்சியில் காசு கொடுத்து வாங்குகிற ஆள் யார்? பயிற்சி கொடுத்தவர்கள் அந்த ஆளை ஒரு தடவையாவது அவனுக்கு அறிமுகப்படுத்தினார்களா? இல்லையென்றால் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஏற்கெனவே ஓடுகிற ஒரு பட்டறையிலோ கடையிலோ ஆறு மாதம் கூலிக்கு நிற்கச் சொல்லுங்கள். அங்கேதான் தொழில் பிடிபடும்.

நான் கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமில் பிறந்தவள். பி.காம் இறுதியாண்டு. அப்பா ஊர் முல்லைத்தீவு. திரும்பிப் போகலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அங்கே போய்த் தையல் கடை வைக்கலாம் என்றிருக்கிறேன். குழுக் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்கிறார்கள். உங்கள் ஆலோசனை வேண்டும், அம்மா.
— வாசகி, கும்மிடிப்பூண்டி

மகளே, தொழிலை ஒரு பக்கம் வை. முதலில் காகிதம்.

நீ இங்கே பிறந்ததால், உன் பிறப்புச் சான்றிதழை வைத்துச் சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் குடியுரிமைப் பதிவு செய்தாக வேண்டும். அது இல்லாமல் அங்கே போனால் அடையாள அட்டை கிடைக்காது. அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, வேலை இல்லை, கடைக்குப் பதிவும் இல்லை. அப்பா அம்மாவின் கல்யாணப் பதிவு, அவர்களின் பழைய பிறப்புப் பதிவு இருக்கிறதா என்று இப்போதே தேடச் சொல். முகாமில் பலருக்கு இது கடலில் போயிருக்கும். நகல் எடுக்க விண்ணப்பிக்கலாம், நாள் பிடிக்கும். உன் பட்டப்படிப்புச் சான்றிதழ்களுக்கு இங்கிருந்து கிளம்பும் முன்பே உரிய அத்தாட்சி வாங்கிக்கொள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் வழியாகப் போனவர்களுக்குப் பயணச்சீட்டும் சிறு உதவித்தொகையும் கிடைத்தன; இப்போது நிலைமை என்ன என்று விசாரித்துக்கொள். இந்த வேலைகளில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. 1984-லிருந்து முகாம்களில் வேலை செய்பவர்கள். போய்க் கேள்.

அடுத்தது காணி. அப்பாவின் ஊரில் நிலம் யார் கையில் இருக்கிறது? உறுதி (பத்திரம்) இருக்கிறதா, அரசு அனுமதியில் கொடுத்த பெர்மிட் காணியா? கேப்பாப்பிலவு மக்கள் தங்கள் நிலத்தைக் கேட்டு 2017-இல் ராணுவ முகாம் வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்த கதையை அப்பாவே சொல்வார். நம் கூடலூரில் செக்சன் 17 நிலம் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1969-இல் ஜமீன் போன்ற பழைய ஜென்ம நில உரிமையை ஒழிக்கும் சட்டம் வந்தது; அதன் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலம் அது. இன்றுவரை அந்த நிலத்தில் பட்டா கிடையாது. பட்டா இல்லையென்றால் வங்கி வாசலில் நிற்க முடியாது. கெட்டிக்காரப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறியதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். போர் நடந்த ஊரிலும் இதே முடிச்சு, இன்னும் இறுக்கமாக.

தையல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போர் முடிந்த எந்த ஊருக்குப் போனாலும் பெண்கள் என்றால் தையல், ஆண்கள் என்றால் தச்சு, வெல்டிங் என்று எல்லோரும் ஒரே பயிற்சியைக் கொடுக்கிறார்கள். ஒரு தெருவில் பத்துத் தையல் மெஷின் இருந்தால் பதினோராவது ஆளுக்கு ரவிக்கை தைக்கக் கொடுப்பது யார்? நீ பி.காம். அந்தப் பத்துப் பேருக்கும் கணக்கு எழுத, வரி கட்ட, வெளிநாட்டு ஆர்டர் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பனை ஓலைப் பொருள், பனங்கட்டி, ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மாவு) இவற்றுக்கெல்லாம் புலம்பெயர்ந்த தமிழர்களிடம் நல்ல கிராக்கி. இலங்கை அரசின் பனை அபிவிருத்திச் சபை 1978-லிருந்து இருக்கிறது. பொருள் செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். பேக்கிங், தரம், கணக்கு இந்த இடத்தில்தான் ஆள் பற்றாக்குறை. உன் படிப்புக்கு அது பொருந்தும்.

இப்போது அந்தக் குழுக் கடன். இதை நிதானமாகப் படி. 2009-க்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பெனிகள் வீடு வீடாக ஏறின. கணவனை இழந்த பெண்கள், வருமானம் இல்லாத வீடு, கேட்டவுடன் பணம், வாரா வாரம் தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். வசூலுக்கு வருகிறவன் இருட்டும் வரை வாசலில் உட்கார்ந்திருப்பான். பக்கத்து வீட்டுப் பெண்ணே எதிரியாவாள். இதைத் தாங்காமல் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். நிலைமை முற்றி, 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நுண்கடனை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. போரில் சேர்ந்து நின்ற பெண்களை வாரத் தவணை பிரித்துப் போட்டது. சமாதானத்தைக் கெடுக்கும் கடனும் உண்டு என்று நான் சொல்வது இதைத்தான்.

கடன் வாங்கினால் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கு. வாரத் தவணை வேண்டாம். சரக்கு விற்றுக் காசு வரும் காலத்தோடு பொருந்துகிற தவணையாகக் கேள். முதல் ஆண்டு கடனே இல்லாமல் ஓட்ட முடியுமா என்று பார். போய்ச் சேர்ந்ததும் எழுது.

எதிரெதிராக நின்று கொன்றவர்கள் பிறகு சேர்ந்து தொழில் செய்த உதாரணம் ஏதாவது உண்டா? வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.
— கல்லூரி ஆசிரியர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

உண்டு, ஐயா. ருவாண்டாவில் 1994-இல் நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் பலர் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஐந்து ஆண்டு கழித்து, தெற்கே மராபா என்ற மலைப்பகுதியில் காபி விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அதுவரை அவரவர் வீட்டில் காபிப் பழத்தைக் கல்லில் தேய்த்து, காயவைத்து, வந்த விலைக்கு இடைத்தரகரிடம் கொடுத்தவர்கள். 2001-இல் பழத்தைக் கழுவித் தோல் நீக்கும் நிலையம் அங்கே வந்தது. அதன் பிறகு அவர்கள் காபி லண்டன் கடைகள் வரை போனது.

இந்த நிலையத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காபிப் பழத்தைப் பறித்த அன்றே கொண்டுவந்து சேர்க்க வேண்டும், தாமதித்தால் புளித்துவிடும். ஆகவே நிலையம் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். மலையைச் சுற்றியுள்ள எல்லோரும் அங்கேதான் வந்தாக வேண்டும். புருஷனைப் பறிகொடுத்தவளும், சிறையில் இருப்பவனின் மனைவியும் ஒரே வரிசையில் கூடையோடு நிற்பார்கள். ஒருத்தி பழுக்காத காயைக் கலந்தால் எல்லோருடைய விலையும் இறங்கும். ஆகவே பேசாமல் இருக்க முடியாது.

எங்கள் பந்தலூர் அருகே எருமாடு, அய்யன்கொல்லி என்ற ஊர்கள் பக்கம் வந்து பாருங்கள். சாயங்காலம் தேயிலை எடை போடும் கொட்டகையில் திருவிதாங்கூரிலிருந்து வந்த மலையாளி இருப்பார், இந்த மண்ணின் செட்டி இருப்பார், பழங்குடியான பணியர் இருப்பார், பதுளையிலிருந்து வந்த நாங்கள் இருப்போம். தராசில் சாக்கைத் தொங்கவிட்டதும் எல்லோர் கண்ணும் முள்ளில்தான். மழை நாளில் ஈரத்துக்கென்று இலை ஏஜென்ட் எத்தனை கிலோ கழிக்கிறார் என்பதில் நாலு பாஷையிலும் ஒரே சத்தம் எழும். ஊருக்குள் கோவில் பிரச்சினை, நிலப் பிரச்சினை என்று முகம் கொடுக்காதவர்கள்கூட அந்த இடத்தில் ஒரே கட்சி. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்த பிறகு அந்தக் கூட்டணி சங்கத் தேர்தல் வரை போனது. பாசத்தால் வந்த ஒற்றுமை என்று சொல்ல மாட்டேன். கழிவைக் குறைக்க வேண்டும் என்பதில் வந்தது. ஆனால் நிலைத்து நிற்கிறது.

ருவாண்டாவிலேயே இன்னொன்று. புத்தாரே என்ற ஊரில் ஓடில் காகிரே கட்டேசே என்ற நாடகக் கலைஞர் பெண்களைத் திரட்டி ஒரு முரசுக் குழு அமைத்தார். அந்த நாட்டில் முரசு ஆண்கள் மட்டுமே கொட்டியது. ஹூட்டு, டுட்சி என்ற இரு இனத்துப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். 2010-இல் அவர்கள் சேர்ந்து ஒரு ஐஸ்கிரீம் கடை திறந்தார்கள். அந்த வரிசையை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்: முதலில் சேர்ந்து முரசு கொட்டினார்கள், நம்பிக்கை வந்தது, அப்புறம்தான் கல்லாப்பெட்டி.

எதிர்ப்பக்கமும் சொல்லாவிட்டால் பாடம் முழுமையாகாது. பாஸ்னியாவில் 1995-இல் போர் நின்றதும், பிர்ச்கோ என்ற ஊர் அருகே ராணுவச் சோதனைச்சாவடி ஓரத்தில் செர்பியர், குரோவாசியர், பாஸ்னிய முஸ்லிம்கள் மூவரும் கூடி வியாபாரம் செய்யத் தொடங்கினார்கள். அந்தச் சாலைக்கு வெளிநாட்டுப் படை வைத்த பெயரே சந்தைக்கும் ஒட்டி அரிசோனா சந்தை ஆனது. நேற்றுச் சுட்டுக்கொண்டவர்கள் இன்று விலை பேசுகிறார்கள் என்று உலகமே கொண்டாடியது. அதே சந்தையில் திருட்டுக் கார், வரி ஏய்ப்பு, கடைசியில் பெண்களைக் கடத்தி விற்பது வரை நடந்தது. இரண்டு பக்கமும் கைகுலுக்கினால் மட்டும் போதாது. சட்டமும் அந்தச் சந்தைக்குள் வந்திருக்க வேண்டும்.

ஆயுதம் ஏந்தியவனுக்குப் பயிற்சி, பணம், பைக். அவனால் வீடிழந்தவனுக்கு ஒன்றுமில்லை. இது என்ன நியாயம்?
— வாசகர், திருத்தணி

நியாயமான ஆத்திரம். சியரா லியோனில் 2002-இல் போர் முடிந்தபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். அவர்களுக்குத் தொழில் பயிற்சியும் படித்தொகையும் கிடைத்தன. அகதி முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் இதைத்தான் கேட்டார்கள். கொலம்பியாவில் 2016 ஒப்பந்தத்துக்குப் பிறகு 'பார்க்' (FARC) என்ற கிளர்ச்சிப் படையின் கெரில்லாக்கள் தொழில் தொடங்க ஆளுக்கு எண்பது லட்சம் பேசோ. பலர் அதை ஒன்றாகப் போட்டுக் கூட்டுறவாகத் தொடங்கினார்கள். இக்கோனோன்சோ என்ற இடத்தில் பீர் காய்ச்சுகிறார்கள். மிராவல்லேயில் பழைய போராளிகள் ஆற்றில் படகுச் சவாரி நடத்தி, 2019-இல் ஆஸ்திரேலியாவில் உலகப் போட்டி வரை போனார்கள். இன்னொரு பக்கம், ஆயுதத்தை ஒப்படைத்தவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தத்துக்குப் பிறகு கொல்லப்பட்டிருக்கிறார்கள். பீர் நன்றாக விற்றும் உயிருக்கு உத்தரவாதம் கிடைக்கவில்லை.

போராளிக்குக் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன். துப்பாக்கியைத் தவிர வேறு தெரியாதவனை வெறுங்கையோடு விட்டால் ஆபத்து யாருக்கு? ஆனால் அவன் பெயருக்குக் கொடுப்பதைவிட அவன் போய்ச் சேரும் ஊர் பெயருக்குக் கொடுங்கள். ஒரு கிணறு, ஒரு அரிசி ஆலை, ஒரு குளிர்பதனக் கிடங்கு. அதில் அவனுக்கும் பங்கு, அவனால் பாதிக்கப்பட்டவருக்கும் பங்கு. பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

சியரா லியோனில் நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். போ, கெனெமா, மக்கேனி ஊர்களில் போர் முடிந்ததும் முன்னாள் போராளிகள் பலர் மோட்டார் பைக் டாக்சி ஓட்டத் தொடங்கினார்கள். பயிற்சித் திட்டம் எதிலும் இல்லாத தொழில் இது. பஸ் இல்லை, சாலை கெட்டுக் கிடந்தது, ஜனங்களுக்குச் சந்தைக்குப் போக வேண்டும். தேவையைப் பார்த்து அவர்களே கண்டுபிடித்தார்கள். எதிரெதிர்ப் படையில் இருந்தவர்கள் ஒரே சங்கத்தில் சேர்ந்தார்கள், தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள், போலீஸ் கெடுபிடியைச் சங்கமாகப் போய்ப் பேசித் தீர்த்தார்கள். அவர்களைச் சேர்த்து வைத்தது அந்தச் சங்கம்.

இதற்கெல்லாம் ஐ.நா.வில் சட்டம் எதுவும் இல்லையா?
— மாணவர், கம்பம்

2015 டிசம்பர் 9-இல் பாதுகாப்புச் சபை 2250 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. ஜோர்டான் முன்னின்று கொண்டுவந்தது. சமாதானப் பேச்சிலும் அதை நடைமுறைப்படுத்துவதிலும் இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்கிறது. நடைமுறையில் இளைஞர்களைத் தொழில் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், பேச்சுவார்த்தை மேசைக்குக் கூப்பிடுவதில்லை. தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள். போட்டித் தேர்வுக்கும் உதவும்.

நாங்கள் ஆழ்கடல் போகிறவர்கள். 2009-இல் போர் முடிந்தும் யாழ்ப்பாணத்து மீனவப் பையன்கள் ஏன் எழுந்திருக்க முடியவில்லை? அவர்கள் கடலில் மீன் இல்லையா?
— மீனவ இளைஞர், நீரோடி

மீன் இருக்கிறது, தம்பி. போர்க்காலத்தில் அவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை, நேரக் கட்டுப்பாடு, இன்ஜின் சக்திக் கட்டுப்பாடு. மயிலிட்டித் துறைமுகம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து, 2017 ஜூலையில்தான் மக்களிடம் திரும்பி வந்தது. ஒரு தலைமுறைப் பையன்கள் கரையிலேயே வளர்ந்தார்கள். கடன் வாங்கி வலையும் பைபர் படகும் வாங்கி ஒருவழியாகக் கடலுக்குப் போனால், இரவில் நம் பக்கத்து இழுவைமடிப் படகுகள் (டிராலர்கள்) அந்த வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. வலை போனால் கடன் மட்டும்தான் மிச்சம். அவர்களும் தமிழர்கள், நம் படகில் போகிறவர்களும் தமிழர்கள்.

இதை எழுதினால் சிலருக்கு என் மேல் வருத்தம் வரும். நம் மீனவர்களைச் சுட்டதையும், சிறையில் போட்டதையும், படகை அரசுடைமை ஆக்கியதையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். இழுவைமடிப் படகில் கூலிக்குப் போகிற பையன் குற்றவாளி இல்லை. ஆனால் கடலடியைச் சுரண்டும் அந்த மடி, போரிலிருந்து எழுந்து வருகிற ஒரு ஊரின் பிழைப்பை அறுக்கிறது. இலங்கை 2017 ஜூலையில் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு நம் அரசுகளும் பாக் நீரிணைப் படகுகளை ஆழ்கடல் தூண்டில் படகாக மாற்ற ஒரு திட்டம் கொண்டுவந்தன. 1,600 கோடி ரூபாய், 2,000 படகு இலக்கு. படகு ஒன்றுக்கு 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம். நல்ல திட்டம். ஆனால் ராமேஸ்வரத்துக்காரருக்குப் பல நாள் ஆழ்கடலில் தங்கிப் பழக்கமில்லை. மீதிப் பணத்துக்கு வங்கிக் கடன். சூரை மீனை வாங்க ஆள் யார் என்று தெரியாது. இலக்கு எட்டாமலே நிற்கிறது.

இந்த இடத்தில்தான் உங்கள் ஊர் வேண்டும். நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊரும் ஆழ்கடல் தூண்டிலில் நாட்டிலேயே பெயர் பெற்றவை. கொச்சியிலிருந்து கிளம்பி வாரக்கணக்கில் கடலில் தங்கி, சுறாவும் சூரையும் பிடித்து வருகிறவர்கள் நீங்கள். எந்த அதிகாரியும் எந்தப் பயிற்சி நிலையமும் இதை உங்களைப் போலச் சொல்லித்தர முடியாது. பாம்பன், ராமேஸ்வரத்துப் பையன்கள் நாலு பேரை உங்கள் படகில் ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போக முடியுமா என்று ஊரில் பேசிப் பாருங்கள். பங்குக் கணக்கு எப்படிப் பிரிக்கிறீர்கள், ஒரு தடவை போய்வர டீசல், ஐஸ், இரை, அரிசிக்கு எவ்வளவு, கொச்சியில் ஏலத்தில் எப்படி விலை படுகிறது, எந்த மாதம் நஷ்டம் என்று விவரமாக எழுதி எனக்கு அனுப்புங்கள். எழுத நேரமில்லையென்றால் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாலும் சரி. அடுத்த இதழில் முழுப் பக்கம் அதற்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.